குக்கருக்கு அப்புறம் மைசூர்

"மாற்றுத்திறனாளிகள் எல்லாம் காலேஜுக்கு எதுக்கு வர்றாங்க?" என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? மாட்டோம். நாக்கு கூசும். நானும் கேட்டதில்லை. கரண்ட் பில், கல்யாண மொய், மாமனாருக்குப் போன் பேசுவது என்று பல விஷயங்களில் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் மனசு தங்கம். சிக்கலே அங்கேதான். தங்கத்தை நீட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாட்டார், சில்லறை கேட்பார்.

1998ல் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம் 1995ல் நிறைவேறி, 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதாவது நான் சேர்ந்தபோது சட்டத்துக்கு வயது இரண்டு. தத்தித் தத்தி நடக்கிற பருவம். அது எங்கள் கல்லூரி வாசல் வரைக்கும் வந்திருந்தாலும் உள்ளே நுழைந்திருக்காது. எல்லாப் பக்கமும் படிதான்.

அங்கே எம்.ஏ. வரலாறு படித்த சீனியர் ஒருவர் இருந்தார். பார்வை கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர், ஹாஸ்டல்வாசி. வெள்ளைக் குச்சியை மடித்துப் பையில் வைத்திருப்பார். எடுத்து ஒரு உதறு உதறினால் டக் டக்கென்று நீண்டு நிற்கும். ஒரு நாள் கேன்டீன் வழியில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமாக வருவதைப் பார்த்ததும் என் தங்கம் உருகிவிட்டது. ஓடிப்போய்க் குச்சியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் அப்படியே நின்றார். "தம்பி, கண்ணாடி போடுவியா?"

"ஆமாண்ணே. மைனஸ் நாலு."

"அதோட கம்பியைப் பிடிச்சு நான் இழுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று யோசித்தேன். குச்சியை விட்டுவிட்டேன். பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். "முழங்கையைக் கொடு, நான் பிடிச்சுக்கிடுதேன். நீ அரை அடி முன்னால நட. பள்ளம் வந்தா வாயால சொல்லு, போதும்." நடந்தோம். பள்ளம் வந்தது. "அண்ணே, பள்ளம்" என்று திரும்பிச் சொன்னேன். சொன்ன மும்முரத்தில் நான் உள்ளே போய்விட்டேன்.

மேலேயிருந்து அவர், "எவ்வளவு ஆழம் தம்பி?" என்று கேட்டார்.

இப்படித்தான் சிநேகிதமானோம். அவர் அறையில் பிரெய்ல் சிலேட்டையும் குத்தூசியையும் முதல்முறையாகப் பார்த்தேன். கெட்டித் தாளைச் சட்டத்தில் செருகி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்திருக்கும். இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கலாம். மொத்தமே ஆறு புள்ளி. இதில் என்ன கஷ்டம் என்று நானும் என் பெயரைக் குத்திக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

பாடப் புத்தகங்கள் பிரெய்லில் கிடைக்காது. கம்ப்யூட்டர் தமிழ் வாசிக்கிற காலமும் வரவில்லை. யாராவது வாசித்து கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். எனக்கு நல்ல குரல் என்று ஒரு நினைப்பு. டூ இன் ஒன்னைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 90 நிமிஷ கேசட்டைப் போட்டு, வானொலிச் செய்தி வாசிப்பவர் தோரணையில் ஆரம்பித்தேன். சமையலறைக்குப் பக்கத்தில் ஏன்? பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது.

வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் அன்றைய பாடம். "1798ல் ஹைதராபாத் நிஜாம் முதன்முதலாக இத்திட்டத்தை ஏற்றார்" என்று நான் கணீரென்று முடிக்கவும், குக்கர் ஊதவும், "டேய், அது எத்தனாவது விசிலுடா?" என்று அம்மா கேட்கவும், "மூணும்மா" என்று அதே செய்திக் குரலில் நான் சொல்லவும் சரியாக இருந்தது. அப்புறம் 1799, மைசூர், தஞ்சாவூர் என்று போய்க்கொண்டே இருந்தேன். அழித்துப் பதிய சோம்பல். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த கேசட்டை முப்பது நாற்பது தடவை கேட்கப்போகிற ஒருவருக்குத்தான் அதைப் பதிந்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பரீட்சை வந்தது. சொல்வதை எழுத ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். அந்தப் பாடம் தெரியாதவனாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். வரலாறு தெரியாதவன் என்ற தகுதியில் என்னோடு போட்டியிட அந்த வளாகத்திலேயே ஆள் இல்லை. ஒரு மனதாகத் தேர்வானேன்.

எங்களுக்கு ஒதுக்கிய அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கிற இடம். அவர் வாயால் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். கண்காணிப்பாளர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "சத்தம் போடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் நியாயம்தான். பக்கத்து ஹாலில் ஜன்னலோர பெஞ்சுகளுக்கு அன்றைக்கு என்றுமில்லாத கிராக்கி.

எழுதுகிற வேலை என்றால் எழுதினால் போதும். எனக்குப் போதவில்லை. அவர் ஒரு வரி சொன்னால் நான் அதற்கு அலங்காரம் செய்வேன். "காரன்வாலிஸ் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார்" என்று அவர் சொன்னால், "மாபெரும் ஆட்சியாளரான காரன்வாலிஸ் பிரபு, மக்கள் நலன் கருதி" என்று போகும் என் பேனா. இந்த அவசரத்தில் 1793 என்பதை 1973 என்று எழுதியிருக்கிறேன். காரன்வாலிசை இந்திரா காந்தி மந்திரிசபையில் உட்கார வைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

நல்லவேளை, அவர் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "மக்கள் நலன் கருதியா? நான் சொன்னேனா அதை? அந்த ஆளால விவசாயி நடுத்தெருவுக்கு வந்தான்னுல்ல அடுத்த பாரா சொல்லப்போறேன்." அடித்தேன். "தம்பி, உனக்கு நல்ல மனசு. அதைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, நான் சொன்னதை மட்டும் எழுது."

அப்புறம் துணைப்படைத் திட்டம் வந்தது. அவர் நெற்றியைத் தேய்த்தார். "1798, நிஜாம். எழுதிட்டியா? நிஜாமுக்கு அப்புறம்..." கண்ணை மூடி, தலையை ஆட்டி, மனசுக்குள் கேசட்டை ஓட விட்டார். முகம் மலர்ந்தது. "நிஜாமுக்கு அப்புறம் குக்கர். குக்கருக்கு அப்புறம் மைசூர். 1799."

சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று பத்து நிமிஷத்துக்கு முன்புதான் வாங்கிக் கட்டியிருந்தேன். குக்கர் என்று எழுதினேன். பிறகு அடித்தேன்.

அந்தத் தாளில் அவருக்கு 71 மார்க் வந்தது. என் கை இதுவரைக்கும் எழுதிய பேப்பர்களில் அதுதான் அதிகபட்சம். அடுத்த செமஸ்டருக்கு அவர் வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார். "நீ பரீட்சை முடிஞ்சதும் வந்து டீ வாங்கிக் கொடு, அது உனக்கு நல்லா வருது" என்றார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எம்.காம். கிடைத்தது, நெட் தேர்ச்சி கிடைத்தது, காலப்போக்கில் கௌரவ விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. கௌரவம் என்பது பதவியின் பெயரில் இருக்கிறது. சம்பளத்தில் தேட வேண்டாம். ஆனால் கையில் சாக்பீஸ் வந்ததும் என் நல்ல மனசுக்கு முழு வகுப்பறையே கிடைத்துவிட்டது.

முதல் வருஷமே என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் சேர்ந்தான். முன்வரிசையில் உட்கார வைத்தேன். தோளில் தட்டினேன். பிறகு போர்டு பக்கம் திரும்பி, "இதை இதால வகுத்து, அதை இங்க போட்டா, இது வரும்" என்று தேய்மானக் கணக்கு நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் வந்தான். "சார், இது, அது, இங்கன்னு சொல்லாம நம்பரைச் சொன்னீங்கன்னா எனக்குப் புரியும்." அடுத்த நாள் எண்களைச் சொல்லிச் சொல்லி நடத்தினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை யாருக்குமே புரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள்.

அதே வகுப்பில் காது சரியாகக் கேட்காத பெண்ணும் இருந்தாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நான் பாதி நேரம் கரும்பலகையோடு பேசுகிறவன். மீதி நேரம் பேசும்போது மேலுதட்டை மறைக்க ஒரு மீசை வேறு. அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் ஷேவிங்கில் கை தவறி, மீசையைச் சரிசெய்யப் போய், மொத்தமாக எடுத்துவிட்டு வந்தேன். வகுப்பில் அவள் முதல்முறையாகக் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டாள். அந்தச் சந்தேகத்துக்கு எனக்கு விடை தெரியவில்லை. மீசை திரும்ப வளர்ந்தால் தேவலை என்று தோன்றியது.

காது கேட்காதவர்களிடம் கத்தினால் போதும் என்று நினைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அந்த நினைப்பு போனது கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸில். மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. ஒரு மாலை அந்தக் கூட்டம் ஏறியது. பஸ் முழுக்கக் கைகள் பேசின, சிரித்தன, சண்டை போட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவனாக நடுவில் நான் மட்டும். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. சே, நம் மனசுதான் கோணல், என்று என்னை நானே கண்டித்துக்கொண்டேன். ஒரு பையன் தோளைத் தட்டி என் சட்டையைக் காட்டினான். புதுச் சட்டை. மார்பிலிருந்து இடுப்பு வரை "எக்ஸ்எல், எக்ஸ்எல், எக்ஸ்எல்" என்று பிளாஸ்டிக் பட்டை ஒட்டியபடியே காலையிலிருந்து வகுப்பெடுத்திருக்கிறேன். காது நன்றாகக் கேட்கிற, வாய் நன்றாகப் பேசுகிற அறுபது பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

இந்திய சைகை மொழிக்கு 10,000 சொற்களோடு அகராதி 2021ல் வந்துவிட்டது. அதில் என் சேமிப்பு இன்னும் இரண்டைத் தாண்டவில்லை. அதில் ஒன்று டீ.

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இப்போது டிஜிட்டல். என் பழைய கையெழுத்து நோட்ஸைப் போனில் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். பார்வையற்ற மாணவர்கள் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரில் படிக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும். இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006ல் தொடங்கிவைத்தது. அது எழுத்தைத்தான் படிக்கும்; எழுத்தின் போட்டோவைத் தானாகப் படிக்காது. மறுநாள் அந்த வருஷத்துப் பார்வையற்ற மாணவன் வகுப்பில் எழுந்து, "சார், உங்க நோட்ஸைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது சார்" என்றான்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது எங்களுக்கு முதல்லயே தெரியும்டா."

ரோஷம் வந்து, ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் செய்தேன். எனக்குத் தெரிந்த பாமினி எழுத்துருவில். பாமினியில் கண்ணுக்குத்தான் அது தமிழ். கம்ப்யூட்டருக்கு உள்ளே எல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று நான் அடித்தது அவனுக்கு 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று கேட்டிருக்கிறது. நாற்பது பக்கம். பொறுமையாக இரண்டு பக்கம் கேட்டிருக்கிறான் பாவி. "சார், பாஸ்வேர்டு ஏதாவது அனுப்பினீங்களா?" என்றான். யூனிகோடு எழுத்தில் மாற்றிக்கொடுத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு மொத்த வகுப்பும் அவனிடமிருந்துதான் நோட்ஸ் வாங்கியது. எனக்கும் ஒரு காப்பி அனுப்பினான்.

சமமாகப் பழகினால்தான் தப்பெண்ணம் குறையும், அதுவும் ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்தால், என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியல் அறிஞர் 1954லேயே எழுதினார். எங்கள் வகுப்பில் அது நடந்தது அசைன்மென்ட் சமயத்தில். அவன் எழுதியதைப் பார்த்து எல்லோரும் காப்பியடித்தார்கள். அவன் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டிருந்தான். நாற்பத்தெட்டு பேரும் தப்பாகப் போட்டிருந்தார்கள். அவனைத் திட்டிக் குரூப்பில் மெசேஜ் குவிந்தது. அதுவரை அவனை யாரும் திட்டியதே இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தான்.

இனி ரேம்ப். இதை மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்றால் எந்தக் கல்லூரியிலும் செடிகள்கூட நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். எங்கள் கல்லூரியில் அதற்காக ஒரு சாய்தளம் கட்டினார்கள். கட்டுமானக் குழுவில் ஒரு பெயர் குறைந்ததால் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒரு அடி ஏற வேண்டுமானால் 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வராந்தா இரண்டரை அடி உயரம். ஆக 30 அடி. ஆனால் எட்டாவது அடியில் ஸ்டாஃப் பைக் ஸ்டாண்டு குறுக்கிட்டது. பைக் ஸ்டாண்டைத் தள்ளுவதா, ரேம்ப்பைக் குறுக்குவதா என்று குழு விவாதித்தது. என் ஸ்கூட்டரும் அங்கேதான் நின்றது. எந்தப் பக்கம் கையைத் தூக்கினேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

எட்டு அடியில் ரேம்ப் எழும்பியது. பார்க்க ரேம்ப் மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் நீல போர்டு, சக்கர நாற்காலிப் படம். மேலே போனதும் ஒரு படி. அதை ஏன் வைத்தார்கள் என்று கொத்தனாரிடம் கேட்டேன். "மழைத் தண்ணி உள்ள வரக் கூடாதுல்ல சார்" என்றார். தண்ணீர் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஜூன் மாதத்திலிருந்து என் ஸ்கூட்டர் மட்டும் அதில் ஏறி நிழலில் நின்றது.

அந்த வருஷம்தான் சக்கர நாற்காலியில் வரும் மாணவி சேர்ந்தாள். வகுப்பு முதல் மாடியில். துறைக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு திட்டம் வைத்தேன். தினமும் நான்கு மாணவர்கள், முறை வைத்து, நாற்காலியோடு அவளை மேலே தூக்கிக்கொண்டு போவது, சாயங்காலம் இறக்குவது. மாணவர்கள் உற்சாகமாகப் பெயர் கொடுத்தார்கள். அட்டவணைகூடப் போட்டுவிட்டேன். நெகிழ்ந்துபோய் அவளிடம் சொன்னேன்.

அவள் அட்டவணையைப் பார்த்தாள். "நாலு பேர் தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்கு சார்" என்றாள்.

வாயடைத்து நின்றேன். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைத் தட்டிவிட்டு, "அந்தப் பொண்ணை ஏன் மேல ஏத்துறீங்க? கிளாஸைக் கீழ இறக்குங்களேன். ஸ்டோர் ரூமுல உடைஞ்ச பெஞ்சு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்குள் பெஞ்சு மேலே போனது, வகுப்பு கீழே வந்தது. இரண்டு பூட்டு மாற்றிய செலவு. என் அட்டவணை மட்டும் ரொம்ப நாள் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். விழாவில் அவளுக்குப் பொன்னாடை. மேடைக்கு ரேம்ப் இல்லை. அன்றைக்கு மட்டும் அந்த நாலு பேர் ஆசை தீரத் தூக்கினார்கள், போட்டோவுக்காக. தொகுத்து வழங்கியவன் நான். ஸ்டீபன் ஹாக்கிங்கை விட்டுவிட்டு இந்த விழாவை நடத்த முடியுமா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 1979 முதல் 2009 வரை, 30 வருஷம், கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த நாற்காலியை அலங்கரித்தார் என்று முழங்கினேன். ஒரு நாற்காலியில் இருந்துகொண்டு இன்னொரு நாற்காலி என்று சிலேடை வேறு. கைத்தட்டல். கீழே இறங்கியதும் அவள் கேட்டாள், "ஹாக்கிங்குக்கு எத்தனாவது மாடி சார் கிளாஸ்?"

அவள் விஷயத்தில் இன்னொன்றும் செய்தேன். இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் வகுப்பு கொடைக்கானல் கிளம்பியது. "அவகிட்ட சொன்னா பாவம், ஏங்கிப்போயிடுவா சார்" என்று மாணவிகள் கண்கலங்கினார்கள். நானும் கலங்கினேன். சொல்லவில்லை. அவளே வந்து பணத்தைக் கட்டினாள். எந்த லாட்ஜில் கீழ்த்தள அறை இருக்கிறது, எங்கே பாத்ரூம் கதவு அகலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். "நான் ரெண்டு தடவை போயிருக்கேன் சார். நீங்க?" நான் போனதில்லை. மலையேறினால் எனக்கு வாந்தி வரும். வந்தது. பாலிதீன் கவர் கொடுத்தவளும் அவள்தான்.

ஒன்று மட்டும் சிரிக்க முடியாதது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன். வாய்விட்டுக் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான். பேப்பரில் கோழி கிளறியிருக்கும். "கையெழுத்தைத் திருத்து, சோம்பேறி" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வகுப்பில் படித்தும் காட்டியிருக்கிறேன். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் இருந்தால்தான் ஸ்க்ரைப் என்பதில்லை, எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம். படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் முகம் வந்தது. அவன் இரண்டாம் வருஷத்திலேயே நின்றுவிட்டிருந்தான்.

போன வருஷம் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வந்தார்கள். காமர்ஸில் புராஜெக்ட் என்றால் ஷாம்பு வாங்குவோர் மனநிறைவு, செல்போன் வாங்குவோர் மனநிறைவு என்று உலகத்தையே மனநிறைவாக வைத்திருப்போம். இவர்கள் வேறு தலைப்பு சொன்னார்கள்: உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொள்வது பற்றி மாணவர்களின் மனப்பான்மை. என்னைவிட்டால் இதற்கு வழிகாட்டி யார்?

"சட்டத்துல எத்தனை வகை குறைபாடு இருக்கு சார்?" என்றாள் ஒருத்தி. "ஏழு" என்றேன் யோசிக்காமல். போனைப் பார்த்துவிட்டு, "21 சார்" என்றாள். ஏழு என்பது 1995 சட்டம். 2016 சட்டத்தில் 21. உயர்கல்வியில் இடஒதுக்கீடும் 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இரண்டு வயதில் நான் பார்த்த குழந்தைக்குக் கல்யாணமாகி வேறு குழந்தை பிறந்திருக்கிறது. நான் இன்னும் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வித்தாளுக்கு வருவோம். இந்த மனப்பான்மையை அளக்க யூக்கர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1960லேயே ஒரு அளவுகோல் செய்து வைத்திருக்கிறார்கள். கூட்டல் 3 முதல் கழித்தல் 3 வரை மார்க் போட வேண்டும். அதில் ஒரு குசும்பு: நடுவில் பூஜ்யம் கிடையாது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, சொல்லித்தான் ஆக வேண்டும். மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "சார், 'கருத்து இல்லை'ன்னு ஒரு கட்டம் வேணும் சார், இல்லைன்னா யாரும் ஃபில்லப் பண்ண மாட்டாங்க." எனக்கும் அதுதான் சௌகரியமாகப் பட்டது. லிக்கர்ட் 1932ல் கண்டுபிடித்த அஞ்சு கட்டத்துக்கே போனோம். நடுக்கட்டம்: கருத்து இல்லை.

முடிவு வந்தது. கல்லூரியில் மாற்றுத்திறனாளிகள் படிக்க வேண்டுமா? எல்லோரும் முழுவதும் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் வகுப்பில்? ஒப்புக்கொண்டார்கள். உங்கள் புராஜெக்ட் குழுவில்? திடீரென்று யாருக்கும் கருத்து இல்லாமல் போனது. போகார்டஸ் என்ற சமூகவியலாளர் 1925லேயே ஒரு அளவுகோல் போட்டார்: நாட்டுக்குள் விடுவாயா, வேலையில் சேர்ப்பாயா, தெருவில் குடிவைப்பாயா, சிநேகிதம் வைப்பாயா, சம்பந்தம் செய்வாயா என்று ஒவ்வொரு படியாகக் கிட்டே வரும். எங்கள் கேள்விகளும் அப்படித்தான் கிட்டே வந்திருந்தன. மாணவர்களைக் கண்டிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஸ்கூட்டர் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை மாற்றுத்திறனாளி மாணவர்கள் யாராவது நிரப்பினாங்களா?" மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபேனைப் பார்த்தேன். கேள்வித்தாளைப் படமாக எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தோம். அதைப் படிக்க முடியாத ஒரே ஆள், இதே வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா கருணை காட்டி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். யூனிகோடில் டைப் செய்து அனுப்பினோம். அவன் போனைக் காதருகே வைத்துக் கேட்டு, பத்தே நிமிஷத்தில் தட்டித் திருப்பி அனுப்பினான். ஆவலோடு திறந்தேன். சக மாணவர்கள் சமமாக நடத்துகிறார்களா? ஒப்புக்கொள்ளவில்லை. கட்டட வசதி போதுமா? முற்றிலும் ஒப்புக்கொள்ளவில்லை. விளாசியிருந்தான். கடைசிக் கேள்வி: உங்கள் ஆசிரியரின் மனப்பான்மை திருப்திகரமாக உள்ளது. அதற்கு மட்டும் 'கருத்து இல்லை'.

பொறுக்கவில்லை. கூப்பிட்டே கேட்டேன். "ஏம்ப்பா, என்னைப் பத்தி உனக்கு ஒரு கருத்துகூடவா இல்லை?"

"இருக்கு சார். இன்டர்னல் மார்க் இன்னும் நீங்க போடலையே."